திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடமும் 11 கிலோ கம்ப்யூட்டரும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். டெல் கம்பெனி 2007-ல் இந்தப் பக்கம்தான் தொழிற்சாலை திறந்தது. ஹெச்பி லேப்டாப்களும் பிறகு இங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகத் தொடங்கின. ஆனால் தூக்கிக்கொண்டு போகும் கம்ப்யூட்டருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அந்த உறவின் பெயர் ஆடம் ஆஸ்பார்ன்.

1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ரமண மகரிஷியின் பக்தர். ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். அதனால் ஆடமின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. சின்ன வயதில் தமிழும் சரளமாகப் பேசுவாராம்! பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம், ஷெல் நிறுவனத்தில் வேலை. அதை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் புத்தகங்கள் எழுதினார், பதிப்பகமும் நடத்தினார். 1979-ல் பதிப்பகத்தை மெக்ராஹில்லுக்கு விற்றுவிட்டார்.

1981 ஏப்ரலில் வந்தது ஆஸ்பார்ன் 1. வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன். எடை சுமார் 11 கிலோ, அதாவது அரை மூட்டை சிமெண்டில் பாதி! மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும், விமான சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். திரை வெறும் 5 அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துதான் தெரியும், மீதியைப் பார்க்கத் திரையை நகர்த்த வேண்டும். உள்ளே பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் தேட வேண்டும்.

இதைப் போய் யார் வாங்கினார்கள் என்று கேட்கிறீர்களா? விலையைப் பாருங்கள், 1795 டாலர். கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் எல்லாம் இலவசம். தனியாக வாங்கினால் அந்த மென்பொருளுக்கே 1500 டாலர் ஆகும் என்றார்கள். 1975-லேயே ஐபிஎம் 5100 வந்துவிட்டது, ஆனால் அது 20 கிலோவுக்கு மேல், விலையும் பல மடங்கு. கணக்கு பார்ப்பவரும் கட்டுரை எழுதுபவரும் வேலையை ஹோட்டல் அறைக்கே தூக்கிப்போக முடிந்தது ஆஸ்பார்னால்தான். உச்சத்தில் மாதம் 10,000 விற்றதாகச் சொல்வார்கள்.

இனி காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 1983 தொடக்கத்தில், அடுத்த மாடல் 'எக்ஸிகியூட்டிவ்' பற்றி ஆஸ்பார்ன் முன்கூட்டியே பேசிவிட்டார். புதுசு வரட்டும் என்று டீலர்கள் பழைய ஆர்டரை நிறுத்த, சரக்கு தேங்கியது, கையில் பணம் வறண்டது. 1983 செப்டம்பர் 13 அன்று கம்பெனி திவால். இன்றும் பாடப்புத்தகங்களில் இதற்கு 'ஆஸ்பார்ன் எஃபெக்ட்' என்று பெயர்.

ஆனால் ஒரு வாய்ப்பேச்சிலா இவ்வளவு பெரிய கம்பெனி சாய்ந்தது? அதே 1795 டாலருக்கு கேப்ரோ 9 அங்குலத் திரை கொடுத்தது. ஐபிஎம் பிசியோடு ஒத்துப்போகும் காம்பேக் போர்ட்டபிளும் வந்துவிட்டது. இன்னொரு கதையும் உண்டு. கிடங்கில் 1,50,000 டாலர் மதிப்புள்ள பழைய போர்டுகள் கிடந்தனவாம். அவற்றை வீணாக்கக் கூடாது என்று, முழு மெஷினாக்க 20 லட்சம் டாலர் செலவழித்தார்களாம்! போன பணத்தின் பின்னால் ஓடுவது என்பது இதுதான். இது உண்மையென்றால் பழியை மொத்தமாக ஆடமின் வாய் மேல் போடுவது நியாயமில்லை.

அவர் ஓயவில்லை. 1984-ல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் தொடங்கி மலிவு விலையில் மென்பொருள் விற்றார். லோட்டஸ் 1987-ல் வழக்குப் போட்டது, 1990-ல் தீர்ப்பு லோட்டஸ் பக்கம். உடல்நிலையும் கெட்டது. 1992-ல் இந்தியா திரும்பியவர், 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார். சிறுவனாகப் படித்ததும் அதே கொடைக்கானலில்தான்.