சுருங்கை முதல் ஜெட் ராடிங் வரை

இலக்கியம் பேசும் இடத்தில் சாக்கடையைப் பற்றிய கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். கோயிலையும் கோட்டையையும் எழுதிய அளவுக்கு, அவற்றின் கழிவு நீர் எவ்வழியே வெளியேறிற்று என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் எழுதியதில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கும் முயற்சி இது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நிலத்தடி வழியைக் குறிக்கும் 'சுருங்கை' என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உள்ளது. கிரேக்க மொழியில் குழாயையும் சுரங்கத்தையும் குறிக்கும் 'சிரிங்ஸ்' என்ற சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தும் அறிஞர் உண்டு. மருத்துவர் கையிலுள்ள 'சிரிஞ்சு' பிறந்ததும் அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே. இந்தத் தொடர்பு உண்மையாயின், நீரைப் போக்கும் வழிக்கும் நீரைப் பீய்ச்சும் கருவிக்கும் வேர் ஒன்றே என்றாகிறது. இக்கட்டுரையின் பொருளும் அவ்விரண்டும் ஒன்று சேர்ந்த கதைதான்.

சேலம் 1866-இல் நகராட்சியாயிற்று. நகரின் குடிநீருக்காகப் பனமரத்துப்பட்டி ஏரி 1911-இல் அமைந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரி நீரும் காலப்போக்கில் நகருக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் வந்த நீர் வீட்டை விட்டு வெளியேறவும் வேண்டுமல்லவா? வரும் வழிக்குக் காட்டிய அக்கறையை நாம் போகும் வழிக்குக் காட்டவில்லை. சேர்வராயன் மலைப்பக்கத்தில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறே நெடுங்காலம் அந்தக் கழிவைச் சுமந்தது. மணியும் முத்தும் பெயரில் மட்டும் எஞ்சின. பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் இவ்வட்டாரத்துக்கு மிகவும் பிந்தியே வந்தன. இன்றும் பல வீடுகளுக்குச் செப்டிக் டேங்க்தான் துணை.

குழாய் ஏன் அடைக்கிறது? சமையலறை எண்ணெய் குளிர்ந்து உறைகிறது. தலைமுடி அதில் சிக்கிக்கொள்கிறது. பழைய மண்குழாய்களின் இணைப்பில் வேம்பின் வேர் நுழைகிறது. நம் சமவெளிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினநீர். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு கூடினால் கரையாத வெண்கசடு உண்டாகிறது. அது குழாயின் உட்சுவரில் படிந்து வழியைக் குறுக்குகிறது.

சாக்கடையின் உயிர் அதன் வேகம் எனலாம். நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது நீர் ஓடினால்தான் கசடு தங்காது என்பது பொறியாளர் கணக்கு. நம் ஏரி வெட்டிய முன்னோரும் இதை அறிந்திருந்தனர். ஏரிகளின் குமிழித்தூம்பில் மேலே நீரோடித் துளையும் கீழே சேறோடித் துளையும் உண்டு. தூம்பைத் திறந்தால் கீழ்த்துளை வழியே பாயும் நீரின் விசையே சேற்றை அரித்துக்கொண்டு போகும். இறங்கி வாரும் வேலையை நீரே செய்துவிடும்.

ஜெட் ராடிங் இயந்திரம் செய்வதும் இதையேதான். லாரி டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 8 பார். வீட்டுக் குழாயைச் சுத்தம் செய்யும் இயந்திரமோ நீரை 100 பாருக்கும் மேலான அழுத்தத்தில் செலுத்துகிறது. குழலின் முனையில் உள்ள நாசியில், முன்னோக்கி ஒரு துளையும் பின்னோக்கிச் சாய்வாகப் பல துளைகளும் இருக்கும். முன் நீர் அடைப்பைத் துளைக்கிறது. பின்னோக்கிப் பாயும் நீரின் எதிர்விசை குழலை முன்னே இழுத்துச் செல்கிறது. குழலைத் திரும்ப இழுக்கும்போது அதே நீர் சுவரைச் சுரண்டிக் கசட்டை வாரிக்கொண்டு வருகிறது. ஆகவேதான் சரிவின் கீழ்ப்புறத் தொட்டியிலிருந்து மேல்நோக்கிக் குழலைச் செலுத்துகிறார்கள்.

திருச்செங்கோட்டு ரிக் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அழுத்தமேற்றிய காற்று பாறையை உடைத்துத் தூளை மேலே எறிகிறது. இங்கே நீர் அதைச் செய்கிறது. லாரிக்குக் கூடு கட்டுவதில் பெயர்பெற்றது நாமக்கல். எந்திரத்தை லாரி மேலேற்றி ஊர் ஊராக அனுப்பும் கலை இம்மண்ணுக்குக் கைவந்தது.

இயந்திரம் வருமுன் என்ன செய்தோம்? மூங்கில் பிளாச்சு இருந்தது. பிளாச்சு தோற்ற இடத்தில் மனிதன் இறங்கினான். எந்தச் சாதியினர் இறக்கப்பட்டனர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் கணமே சாவின் கணம். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மடிந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

1993-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் உலர் கழிப்பிடங்களையே கருதியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆள் இறக்குவதைக் குற்றமாக்கியது. அரசு அலுவலகத்துக்கு மட்டுமன்றி, தன் வீட்டுத் தொட்டிக்கு ஆள் அழைக்கும் தனிமனிதருக்கும் அது பொருந்தும். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1993 முதல் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மாநிலவாரிக் கணக்குகளில் தமிழ்நாட்டின் எண் 200-ஐத் தாண்டி, முதலிடத்தில் நின்றதை மறைக்க இயலாது.

ஏன்? பெரிய வண்டி சந்துக்குள் நுழையாது என்பது ஒரு விடை. கையால் தள்ளிச் செல்லும் சிறிய இயந்திரங்கள் வந்துவிட்டமையால் அவ்விடை இன்று செல்லாது. இயந்திரத்துக்கு வாடகை கூடுதல், மனிதனுக்குக் கூலி குறைவு என்பதே உண்மையான விடை. அந்தக் கணக்கைப் போடுவது எங்கோ உள்ள அரசன்று. அடைத்துக்கொண்ட குழாயின் முன் நிற்கும் நாமேதான்.

ஏரிச் சேற்றை வெளியேற்ற ஆளை இறக்காமல் நீரையே ஏவிய மரபு நம்முடையது. அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழாய் அடைக்கும்போது, நண்பர்களே, சேறோடித் துளையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு தொலைபேசியை எடுங்கள்.