அம்பயர் யார் பக்கம்?

இன்னைக்கு எபிசோட் ஒரு நோட்டீஸ்ல இருந்து ஆரம்பிக்குது. எங்க தேனி பக்கம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு எந்த ஊர் டீக்கடைச் சுவரிலும் பொங்கலுக்கு முன்னாடி இதைப் பார்க்கலாம். கிரிக்கெட் டோர்னமென்ட் நோட்டீஸ். மேல நன்கொடையாளர்கள் போட்டோ, நடுவுல முதல் பரிசு, ரெண்டாம் பரிசு, சுழற்கோப்பை. கீழ பொடி எழுத்துல விதிமுறைகள். ஒரு அணியில ஆடினவர் இன்னொரு அணியில ஆடக் கூடாது, அரை மணி நேரம் முன்னாடி வந்துடணும், இப்படி. அதுல ரெண்டு வரி மட்டும் பெரும்பாலும் தவறாது. ஒண்ணு, நடுவரின் தீர்ப்பே இறுதியானது. இன்னொண்ணு, மது அருந்திவிட்டு மைதானத்துக்குள் வரக் கூடாது.

எங்க ஆபீஸ்ல ஒரு பழைய கோடுக்கு மேல 'இதைத் தயவுசெய்து தொடாதீர்கள்'னு யாராவது கமெண்ட் எழுதியிருந்தா, ஏற்கெனவே ஒருத்தர் தொட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரையும் எழுப்பியிருக்கார்னு அர்த்தம். விதியும் அப்படித்தான். அந்த ரெண்டு வரிக்குப் பின்னாலயும் ஒவ்வொரு ஊர்லயும் ஒரு சம்பவம் இருக்கும்.

நான் நேர்ல பார்த்த ஒண்ணு சொல்றேன். ஊர் பேர் வேண்டாம். தண்ணி வத்தின கண்மாய்க்குள்ள மேட்ச். செமி ஃபைனல், கடைசி ஓவர். லெக் அம்பயரா நின்ன பையனுக்கு பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். ரன் அவுட் கேட்டாங்க, அவன் விரலைத் தூக்கினான். மரத்தடியில காலையில இருந்து உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா உள்ள நடந்து வந்தார். ஒரே அறை. பையன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்த அண்ணனைப் பிடிச்சுத் தள்ளிட்டுப் போனவங்க பையன்கிட்ட சொன்னது: "விடு தம்பி, அவர் போதையில இருக்காரு." அவ்வளவுதான். ரன் அவுட்டை ரத்து பண்ணிட்டு மேட்ச் தொடர்ந்து நடந்துச்சு.

அந்த ஒரு வாக்கியத்துலதான் இந்த எபிசோடே இருக்கு. போதையில இருந்தார், அதனால அடிச்சார். சரக்கு இல்லாட்டி அடிச்சிருக்க மாட்டார். நம்ம எல்லாருக்கும் வசதியான விளக்கம் இது. அடிச்சவர் மேலயும் தப்பில்ல, கமிட்டி மேலயும் தப்பில்ல, பாட்டில் மேல தப்பு.

சரக்குக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரல. தமிழ்நாட்டு மதுக் கணக்கைக் கொஞ்சம் பார்த்தாலே தெரியும். 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கை ஆரம்பிச்சார். 1948ல மாகாணம் முழுக்க வந்தது. 1971ல கருணாநிதி ஆட்சியில தளர்த்தினாங்க, கொஞ்ச வருஷத்துல திரும்ப வந்தது, திரும்பப் போச்சு. 1983ல மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் வந்துச்சு. 2003 கடைசியில சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கிச்சு. என் வயசுக்காரங்க டோர்னமென்ட் பார்த்து வளர்ந்த காலம் முழுக்க அரசாங்கக் கடையோட காலம். இப்போ கடை திறக்கிற நேரம் பகல் 12 மணி. எங்க பக்கம் மேட்ச் பார்த்தவங்களுக்குத் தெரியும்: காலையில ஆடுற மேட்ச்சுக்கு ஒரு குணம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடுற மேட்ச்சுக்கு இன்னொரு குணம். செமி ஃபைனலும் ஃபைனலும் எப்பவும் சாயங்காலம்தான். சலம்பல் டைம்டேபிள் போட்டு வருது.

ஆனா போதையை எடுத்துட்டா அம்பயர் பத்திரமா இருப்பாரா? இதுக்கு ஒரு பழைய சம்பவம் இருக்கு.

நவம்பர் 1969. பம்பாய், பிராபோர்ன் ஸ்டேடியம். பில் லாரி தலைமையில வந்த ஆஸ்திரேலியாவோட முதல் டெஸ்ட். 1949லயே மதுவிலக்குச் சட்டம் போட்ட ஊர் பம்பாய். அறுபதுகள்ல கொஞ்சம் தளர்த்தியிருந்தாங்க, ஆனா இன்னைக்கு நம்ம ஊர்ல கிடைக்கிற மாதிரியெல்லாம் கிடைக்காது. நாலாவது நாள். ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா மளமளன்னு விக்கெட்டை விட்டு, ஏழு பேர் போயாச்சு. அஜித் வடேகரும் மதராஸ்ல இருந்து வந்த 24 வயசு ஆஃப் ஸ்பின்னர் எஸ். வெங்கட்ராகவனும் நிக்கிறாங்க. ஆலன் கானலி பந்து, கீப்பர் டேபர் பிடிச்சார், அப்பீல். அம்பயர் சம்பு பான் விரலைத் தூக்கினார்.

பந்து பேட்ல படவே இல்லைன்னு கூட்டம் நினைச்சது. அதோட நின்னிருந்தா கத்திட்டு அடங்கியிருக்கும். ஆனா அன்னைக்கு மைதானத்துல நிறைய பேர் கையில டிரான்சிஸ்டர் ரேடியோ. வர்ணனையில அந்தத் தீர்ப்பு சரியில்லைன்னு பேசினது அப்படியே கூட்டத்தோட காதுக்கு வந்துச்சு. தான் சந்தேகப்பட்டதை வானொலியே சொல்லுதேன்னு ஆகிப் போச்சு. பாட்டில் பறந்தது, குளிர்பான பாட்டில். நாற்காலியை உடைச்சுத் தீ வச்சாங்க. பந்தல் எரிஞ்சது. லாரி வெளிய போக மறுத்து ஆட்டத்தை நடத்தினார். புகையில ஸ்கோர் எழுதுறவங்களுக்கே ஆட்டம் தெரியல. கடைசியில வீரர்கள் வெளிய வரும்போது ஆஸ்திரேலிய ஸ்பின்னர் கிளீசன் தலையில பாட்டில் விழுந்தது. மறுநாள் ஆஸ்திரேலியா எட்டு விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சது, யாரும் பெருசா ஆச்சரியப்படல.

எனக்கு இதுல முக்கியமாப் படுறது ரெண்டு விஷயம். தோத்துக்கிட்டிருக்கிற டீம், அம்பயர் மேல ஏற்கெனவே இருக்கிற சந்தேகம். மது கிடைக்கிறது கஷ்டமா இருந்த ஊர்லயே இவ்வளவும் நடக்க இது போதுமானதா இருந்திருக்கு. அங்க டிரான்சிஸ்டர் செஞ்ச வேலையை எங்க கண்மாய்ல மைக் செட் செய்யும். "என்னய்யா அம்பயர் இப்படிப் பண்ணிட்டாரு"ன்னு மைக்ல ஒரு வார்த்தை விழுந்தா போதும்.

இப்போ கதையோட நல்ல பகுதிக்கு வர்றேன். அந்த வெங்கட்ராகவன், கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர். நம்ம ஆளுன்னு சொல்லிக்கலாம், தப்பில்ல. 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 ரெண்டு உலகக் கோப்பைக்கும் இந்திய கேப்டன். இவர் பேரைச் சொல்லித்தான் ஒரு ஸ்டேடியமே எரிஞ்சது. இவருக்கு அம்பயர்கள் மேல கோபம் இருந்திருந்தா புரிஞ்சுக்கலாம். இவர் போய் அம்பயர் ஆனார். 1993ல முதல் டெஸ்ட், 2004 வரைக்கும் 73 டெஸ்ட். 2002ல ஐசிசி எலைட் பேனல்னு எட்டு பேரைத் தேர்ந்தெடுத்தப்போ, அதுல இருந்த ஒரே இந்தியர் அவர்தான்.

அந்தப் பேனல் எதுக்கு வந்துச்சுன்னு பார்த்தாதான் நம்ம கண்மாய்க்குத் திரும்பி வர முடியும். ரொம்ப காலம் டெஸ்ட் கிரிக்கெட்ல எந்த நாட்டுல மேட்சோ அந்த நாட்டு அம்பயர்தான். பாகிஸ்தான் போனா அம்பயர் ஏமாத்திட்டார்னு இந்தியா சொல்லும், இந்தியா வந்தா அதையே இங்கிலாந்து சொல்லும். எல்லாருமே பொய் சொன்னாங்கன்னு இல்ல, எல்லாருமே கெட்டவங்கன்னும் இல்ல. அம்பயர் ஒரு பக்கத்து ஆள்னு தெரிஞ்ச உடனே, அவர் சரியாச் சொன்னாலும் தப்பாத்தான் தெரியும். 1986ல இம்ரான் கான் இதை உடைச்சார். லாகூர்ல வெஸ்ட் இண்டீஸோட டெஸ்ட்டுக்கு இந்தியாவுல இருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் வரவழைச்சாங்க. பாகிஸ்தான் மேட்சுக்கு இந்திய அம்பயர்! யோசிச்சுப் பாருங்க. 1994ல ஒவ்வொரு டெஸ்ட்லயும் ஒரு வெளிநாட்டு அம்பயர்னு விதி வந்துச்சு, 2002ல ரெண்டு பேருமே வெளிநாடு.

சரி, எங்க ஊர்ல அம்பயர் யாரு? பேட்டிங் டீம் ஆள். லீக் மேட்ச்ல அவுட் ஆகி வந்தவனோ, இன்னும் பேட்டிங் வராதவனோ போய் நிப்பான். தன் அண்ணனை ரன் அவுட் கொடுக்கணும். கொடுத்தா சொந்த டீம் திட்டும், கொடுக்காட்டி எதிர் டீம் அழுகுணி ஆட்டம்னு கத்தும். 'நடுவர்'ங்கிற சொல்லுக்கே நடுவுல நிக்கிறவர்னுதான் அர்த்தம். நம்ம ஒரு பக்கத்துல நிக்க வச்சுட்டு நடுவர்னு கூப்பிடுறோம்.

இதோட விளைவு அடிதடியில மட்டும் இல்ல, ஆட்டத்தோட விதியிலயே தெரியுது. டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல பெரும்பாலும் எல்பி கிடையாது. பவுன்ஸ் சரியில்லாத தரைன்னு காரணம் சொல்வாங்க, அதுவும் உண்மைதான். ஆனா எல்பிங்கிறது முழுக்க முழுக்க அம்பயரை நம்பி இருக்கிற ஒரு அவுட். நம்பிக்கை இல்லாத இடத்துல அந்த விதி உயிரோட இருக்க முடியாது. வைடுக்கு ரெண்டு பக்கமும் சுண்ணாம்புல கோடு போட்டுடுவாங்க, அம்பயர் யோசிக்க வேண்டியதே இல்ல. நாற்பது வருஷமா நம்ம பசங்க கொஞ்சம் கொஞ்சமா அம்பயர் முடிவெடுக்க வேண்டிய இடங்களையெல்லாம் விதியில இருந்து அழிச்சுக்கிட்டே வந்திருக்காங்கன்னு எனக்குத் தோணுது. ஒரு விதத்துல இது அபார டிசைன். அழிக்க முடியாம மிஞ்சினது ரன் அவுட்டும் கீப்பர் கேட்ச்சும். சண்டையும் அதுலதான் வருது.

கால்பந்துல இந்த மாதிரி அழிக்கவும் முடியாது. ஃபவுல்னா ரெஃப்ரி பார்வைதான். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால். திலீப் பாலித்தும் பிதேஷ் போஸும் மோதிக்கிட்டாங்க. ரெஃப்ரி ரெண்டு பேரையும், ரெண்டு டீம்லயும் ஒவ்வொருத்தரா, வெளிய அனுப்பினார். இதைவிட நடுநிலையா ஒரு முடிவு எடுக்க முடியுமா? ஆனா ரெண்டு பக்க ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த கேலரியில மோதல் வெடிச்சு, நெரிசல்ல 16 பேர் செத்துப் போனாங்க. அதனாலதான் ரெஃப்ரி சரியா இருந்தா மட்டும் போதாதுன்னு சொல்றேன். கூட்டத்தை யார் எங்க உட்கார வச்சாங்கன்னும் கேட்கணும், அது நடத்துறவங்க பொறுப்பு.

கண்மாய்ல அறை வாங்கின பையனுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற சம்பவம் நெதர்லாந்துல நடந்துச்சு. 2012 டிசம்பர், அல்மேரேங்கிற ஊர். ரிச்சர்ட் நியூவென்ஹைசன்னு ஒருத்தர், மகன் ஆடுற டீமுக்காக, சம்பளம் இல்லாம லைன்ஸ்மேனா கொடி பிடிச்சார். மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் டீனேஜ் பசங்க அவரை அடிச்சாங்க. மறுநாள் இறந்துட்டார். அந்த வார இறுதியில நாடு முழுக்க அமெச்சூர் மேட்ச்களை நிறுத்தி வச்சாங்க. மரத்தடியில குடிச்சிட்டு உட்கார்ந்திருந்த எந்த அண்ணனும் அந்தக் கதையில இல்ல. ஆனா அவரும் ஒரு டீமைச் சேர்ந்தவரா நின்னவர்தான், அவருக்கும் பாதுகாப்புன்னு யாரும் இல்ல.

ஆஸ்திரேலியாவுல கிராமத்து ஃபுட்பால்ல பிரச்சினை வேற மாதிரி முத்திச்சு. திட்டு வாங்கி வாங்கி, அம்பயரா நிக்க ஆள் கிடைக்கல. 2022ல அவங்க ஏஎஃப்எல் லீக், அம்பயரைப் பார்த்துக் கையை விரிச்சு எதிர்ப்புக் காட்டினாலே 50 மீட்டர் பெனால்டின்னு கொண்டு வந்துச்சு. டிவில பார்க்கிற பையன்தான் ஞாயித்துக்கிழமை கிராமத்துல அதையே செய்றான்னு அவங்க போட்ட கணக்கு.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கு, ஆனா கிரிக்கெட்ல இல்ல. ஜல்லிக்கட்டு. எங்க மாவட்டத்துல அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி வாடிவாசலுக்கெல்லாம் ஒரு காலத்துல யார் வேணா இறங்கலாம். 2009 சட்டம், 2014ல உச்ச நீதிமன்றத் தடை, 2017 மெரினா, அதுக்கப்புறம் வந்த திருத்தச் சட்டம், இத்தனையும் தாண்டி இன்னைக்கு மாடுபிடி வீரர் முன்பதிவு பண்ணணும், டாக்டர் பார்க்கணும், குடிச்சிருந்தா வெளிய. பார்வையாளருக்கும் வீரருக்கும் நடுவுல ரெட்டைத் தடுப்பு. எங்க அப்பா தலைமுறை இதை நடக்கவே நடக்காதுன்னு சொல்லியிருப்பாங்க. நோட்டீஸ்ல ஒரு வரி எழுதினதால இது நடக்கல. வாசல்ல நின்னு ஊதச் சொல்ற ஒருத்தர் இருக்கிறதால நடக்குது. அதுக்காக எல்லா கண்மாய் மேட்சுக்கும் கலெக்டர் அனுமதி வேணும்னு கேட்டா, மறு வருஷம் டோர்னமென்ட்டே இருக்காது. அந்த வழி எனக்குப் பிடிக்கல.

அதைவிடப் பக்கத்துல, பெரியகுளத்துல ஒரு வழி இருக்கு. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க அறுபது வருஷத்துக்கும் மேலா அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துது. கோடை விடுமுறையில, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல, இந்தியா முழுக்க இருந்து டீம்கள் வரும். விசில் வச்சிருக்கிறவர் ஆடுற எந்த டீமோட அண்ணனும் இல்ல. ஸ்கோர் எழுத, நேரம் பார்க்கத் தனி மேசை. ஒரு சின்ன ஊர் இத்தனை வருஷமா இதைச் செய்யுது.

கிரிக்கெட் கமிட்டிக்கு என்ன செலவாகும்னு நான் ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்து ஊர்ல இருந்து, அன்னைக்கு ஆடாத ரெண்டு பேர். மேட்சுக்கு இவ்வளவுன்னு கூலி, மத்தியானச் சாப்பாடு, பெட்ரோல். என் கணக்குல அந்த மைக் செட் வாடகையைத் தாண்டாது. ஃபைனலை மட்டும் காலையில வச்சுட்டா இன்னும் நல்லது, கடை திறக்கிறதுக்கு முன்னாடி கோப்பையைக் கொடுத்துடலாம். இதை எங்க ஊர்க் கமிட்டி அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "தம்பி, வெளியூர்க்காரன் நம்ம பையனுக்கு அவுட் கொடுத்தா, அவனை ஊர் எல்லை வரைக்கும் யாருப்பா கொண்டு போய் விடுறது?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்வி. கமிட்டிதான் கொண்டு போய் விடணும்னு நான் சொன்னேன். பார்க்கலாம்னாரு. உங்க ஊர் டோர்னமென்ட்ல அம்பயரா யார் நிக்கிறாங்க, அவங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடி வாங்கின அம்பயர் யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க கதைதான் எனக்கு முதல்ல வேணும்.