மருந்து யாருக்கு, காவல் யாருக்கு?

ஊரில் ஒரு கொலை நடந்து, பிடிபட்டவர்களிடம் கள்ளத் துப்பாக்கியும் இருந்துவிட்டால், 'தலைதூக்கும் துப்பாக்கிக் கலாச்சாரம்' என்று மறுநாள் நாளிதழ்கள் எழுதுகின்றன. வணிகர்கள் மனுக் கொடுக்கிறார்கள். ரோந்து கூட்டப்படுகிறது, தெருமுனையில் கண்காணிப்புக் கேமரா வைக்கப்படுகிறது. இந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் துப்பாக்கியைவிட அரிவாளும் நாட்டு வெடிகுண்டுமே அதிகம் என்றாலும், இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

ஆனால் 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்று சொல்லும்போது அந்தப் 'பொது'வுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. துப்பாக்கிக்குள் போன கரிமருந்தும் பட்டாசுக்குள் போகும் மருந்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை: வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த வட்டாரத்தில் அதை 'மருந்து' என்று மட்டுமே சொல்வார்கள். மருந்து கலப்பது, மருந்து அடைப்பது, மருந்து அறை. நோய் தீர்ப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் ஒரே சொல்தான். அந்த மருந்தோடு உழைப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களுக்கான காவல் எது என்பதற்கு இந்த மண்ணின் வரலாற்றில் பதில் தேடிப் பார்க்கலாம்.

இங்கே பாதுகாப்பு என்பது நெடுங்காலம் காசு கொடுத்துப் பெறும் பொருளாகவே இருந்தது. கிராமங்களில் காவல் உரிமை மறவர் கையில் இருந்தது. அதற்காக ஊரார் காவல் கூலி கொடுத்தார்கள். களவுபோன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒன்று இருந்தது. தெற்கிலிருந்து வண்டிகளில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள், சரக்கையும் மாட்டையும் காக்கச் சுற்றடைப்புள்ள பேட்டைகளைக் கட்டினார்கள். விற்கும் சரக்கின் மேல் மகமை வசூலித்து உறவின்முறையின் பொதுச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். 1880-களில் விருதுபட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அந்தப் பொதுப் பணத்தின் பயன்தான். ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பாதுகாப்பைத் தானே அமைத்துக்கொண்ட இந்தக் கதை மதிக்கத்தக்கது. ஆனாலும் காவலுக்கும் பேட்டைக்கும் பொதுவான ஓர் இயல்பு இருந்தது. காக்கப்பட்டவை சரக்கும் மாடும் தானியமும். காத்தவர்களும் கணக்குக் கேட்டவர்களும் ஆண்கள். பெண் அந்த ஏற்பாட்டில் வீட்டோடு சேர்த்து எண்ணப்பட்டாள்.

ஆங்கில அரசு வந்து இதைச் சட்டமாக எழுதியபோது அதன் மனத்தில் இருந்தது 1857 கிளர்ச்சியின் நினைவு. லிட்டன் வைசிராயாக இருந்த 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. கந்தகம், வெடியுப்பு, ஈயம் ஆகியவற்றையும் அரசு தேவைப்பட்டால் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து 1884-இல் வெடிபொருள் சட்டம் வந்தது. கரிமருந்தையும் பட்டாசையும் ஒரே வரையறைக்குள் வைத்த சட்டம் அது. இன்றும் சிவகாசி அதன்கீழ்தான் இயங்குகிறது. மருந்து யார் கைக்குப் போகிறது, எவ்வளவு இருப்பு இருக்கிறது, எங்கே கிடங்கு என்பவையே இத்தகைய சட்டங்களின் முதல் கேள்விகள். மருந்தைத் தொடும் கைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வெகு பின்னால்தான் வந்தது.

அந்த அரசு காவல் காக்கத் தவறிய நாளும் உண்டு. கோயில் நுழைவு உரிமைக்காக நாடார்கள் எழுந்ததை ஒட்டி மூண்ட பகையில், 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள். 'சிவகாசிக் கொள்ளை' என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அன்று சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கலவரம் சுற்றுவட்டாரம் முழுவதும் பரவியது. 23 கொலைகள், 102 கொள்ளைகள், 1,958 பேர் கைது, 552 பேருக்குத் தண்டனை, அவர்களில் 7 பேருக்குத் தூக்கு என்று வரலாற்று நூல்கள் கணக்குத் தருகின்றன. பிறகு தண்டக் காவல்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு மக்கள்மேலேயே வரியாக விழுந்தது.

இந்தக் கணக்கைப் பெண்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். கொலைக்கு ஒரு கட்டம், கொள்ளைக்கு ஒரு கட்டம், கைதுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எரிந்த வீட்டின் சாம்பலை அள்ளிவிட்டு மறுபடியும் அடுப்பு மூட்டியவளுக்கு அதில் இடமில்லை. தூக்குமேடைக்குப் போனவனின் மனைவிக்கும் இல்லை. தாக்கியவர் வீட்டிலும் தாக்கப்பட்டவர் வீட்டிலும் பெண்கள் மிஞ்சினார்கள். இரண்டு தரப்பின் வரலாறும் அவர்களை விட்டுவிட்டுத்தான் எழுதப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது மாறவில்லை. 1957-இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. 1985-இல்தான் தனியாகப் பிரிந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் அப்போது முதலமைச்சர். செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் ஐவர் இறந்தார்கள். முதுகுளத்தூர்க் கலவரம் என்று நாம் படிப்பது இந்த நாள்களைத்தான். துப்பாக்கிச் சூடு நியாயமா என்று சட்டமன்றத்தில் வாதம் நடந்தது, விசாரணை நடந்தது. இம்மானுவேல் சேகரனின் மனைவி ஒரு பள்ளி ஆசிரியை. நான்கு பெண் குழந்தைகளோடு தனித்து நின்றார். கீழத்தூவலிலும் விதவைகள் இருந்தார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பெரும் காவல் பாதுகாப்போடு தலைவர்களின் நினைவு நாள்கள் நடக்கின்றன. 2011-இல் அப்படி ஒரு நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டது; தலித்துகள் இறந்தார்கள். விதவைகளுக்கு நினைவு நாள் கிடையாது.

தமிழ்நாட்டில் கூட்டத்தை நோக்கிச் சுட்ட துப்பாக்கிகள் பெரும்பாலும் உரிமம் உள்ளவை, அரசினுடையவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது நடந்த சூட்டை ஒட்டி 13 உயிர்கள் போயின. அவர்களில் 17 வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸின் செயலைக் கடுமையாகக் கண்டித்தது. 'பொது அமைதி' என்ற சொல்லின் பெயரால்தான் அந்தத் துப்பாக்கிகள் வெளியே வந்தன. எனவே, மேலும் துப்பாக்கி, மேலும் போலீஸ் என்று பாதுகாப்பைக் கேட்கும்போது பெண்கள் ஒருமுறை யோசிப்பது நல்லது.

இனி மருந்துக்கு வருவோம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். கொள்ளைபோன ஊர் கால் நூற்றாண்டுக்குள் தொழில் நகரமாக எழத் தொடங்கியது. வானம் பார்த்த கரிசல் பூமியில், வேளாண்மை கைவிட்ட வீடுகளுக்குத் தீப்பெட்டி ஒட்டுவது கஞ்சி ஊற்றியது. 1940-இல் வெடிபொருள் விதிகள் உரிம முறையை உறுதிப்படுத்தின; உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றது; பட்டாசு ஆலைகள் பெருகின. இன்று மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று அளவுக்கேற்ப மூன்று வகை. ஆண்கள் பெரும்பாலும் மருந்து கலக்கிறார்கள், போர்மேனாக இருக்கிறார்கள். பெண்கள் குழாய் உருட்டுகிறார்கள், மருந்து அடைக்கிறார்கள், திரி வைக்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள், பெட்டி கட்டுகிறார்கள். கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கு. கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு காசு. மருந்தோ வேகத்தைப் பொறுக்காத பொருள்.

விதிகள் இல்லாமல் இல்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மரத்தடியில் வைத்து மருந்து அடைக்கக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. உரிமத்தை உள்குத்தகைக்கு விடக் கூடாது. தீபாவளி நெருங்கும்போது இந்த விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஓர் ஆலையின் அறைகள் பல குத்தகைக்காரர்களிடம் போகின்றன. நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில், உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்த ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காப்பாற்ற ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருவுற்றிருந்த பெண்ணும், படிப்புச் செலவுக்காக வேலைக்கு வந்த கல்லூரி மாணவியும் அவர்களில் இருந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் இன்னோர் இடத்திலும் ஒரே நாளில் 14 பேர், பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. எந்தக் கள்ளத் துப்பாக்கியும் இந்த மாவட்டத்தில் இத்தனை பெண்களைக் கொன்றதில்லை.

ஆனால் செய்தி எழுதப்படும் விதத்தைப் பாருங்கள். 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக.' உராய்வு என்ற சொல்லுக்கு எழுவாய் இல்லை. கடைவீதியில் ஒருவர் வெட்டுப்பட்டால் அது 'சட்டம்-ஒழுங்கு'. ஆலையில் ஒன்பது பெண்கள் கருகினால் அது 'விபத்து'. முன்னதற்குக் கொலையாளி உண்டு, பின்னதற்கு உராய்வு மட்டும்தான். வழக்குப் பெரும்பாலும் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த பிரிவில் பதிவாகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை. குத்தகைக்கு விட்டவரின் இலாபமும், சோதனைக்கு வராத அதிகாரியும், எண்ணிக்கைக்குக் கூலி தரும் முறையும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

நீதிமன்றங்கள் சிவகாசியைப் பற்றிப் பேசாமல் இல்லை. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்றது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். அது பெரிய வெற்றி. அவர்களுடைய தாய்மார் அதே மருந்தின் முன் உட்கார்ந்திருந்தார்கள். வளர்ந்தவர்களின் உயிர் அந்த வழக்கின் கேள்வி அல்ல. 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. அந்தக் குழந்தைகளின் நுரையீரல் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் ஓர் இரவு அந்தப் புகையைச் சுவாசிக்கும் நகரவாசியின் உடல் அரசியல் சாசனக் கேள்வியாகும்போது, ஆண்டு முழுவதும் அந்தத் தூளை விரலிலும் நகக்கண்ணிலும் சுமப்பவளின் உடல் ஏன் 'வாழ்வாதாரப் பிரச்சினை' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகிறது? ஆலையை மூடாதே என்று அவளைப் பேசவைக்கிறோம். ஆலை எப்படி இருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்பதில்லை.

கேட்டால் அவளிடம் பதில் இருக்கிறது. நான்கு பேர் அறையில் நான்கு பேர்தான் இருக்க வேண்டும். எண்ணிக்கைக் கூலி போய் நாள் கூலி வர வேண்டும். உள்குத்தகைக்கு விட்டவரின் உரிமம் திரும்பக் கிடைக்கக் கூடாது. சோதனைக்கு வரும் குழுவில் அந்த அறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தியும் இருக்க வேண்டும். தீக்காயத்துக்கு மதுரைக்கு ஓடுவதற்குள் உயிர் போகாதபடி வட்டாரத்திலேயே முழு வசதியுள்ள சிகிச்சை வேண்டும். இவை எல்லாம் தொழிலாளர் துறைக்கான கோரிக்கைகள் என்று ஒதுக்கப்படுகின்றன. இவைதான் இந்த மாவட்டத்தின் பொதுப் பாதுகாப்புக் கோரிக்கைகள்.

இரவுத் தெருவில் விளக்கு வேண்டும் என்று கேட்கும் நகரத்துப் பெண்ணும், காலை ஏழு மணிக்கு ஆலை வேனில் ஏறும் கிராமத்துப் பெண்ணும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். ஒருத்தி உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்கிறாள், மற்றவளும் அதைத்தான் கேட்கிறாள். அடுத்த முறை பாதுகாப்பு பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் கூடும்போது, கேமராக்களின் எண்ணிக்கையோடு, உரிமம் பெற்ற அறைகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்போம். அந்தக் கணக்கை எடுக்க ஆட்சியருக்கு ஒரு பிற்பகல் போதும்.