தொலைவழிப் பயணமும் டீசல் மோட்டார் சைக்கிளும்

கடலிலே கப்பல், தண்டவாளத்திலே புகையிரதம், தெருவிலே லொறியும் பஸ்ஸும், வயலிலே உழவு இயந்திரம் என நெடுந்தூரம் ஓடவேண்டிய இடத்திலும் நெடுநேரம் உழைக்கவேண்டிய இடத்திலும் டீசல் எஞ்சின் ஆட்சி செலுத்தி வந்திருப்பதை யாவரும் அறிவர். ஆயினும் அவ்வெஞ்சின் காலூன்ற முடியாத வாகனம் ஒன்று உண்டு. அதுவே மோட்டார் சைக்கிள். பாலைவனத்தையும் மலைத்தொடரையும் கடந்து நாடுவிட்டு நாடு செல்லப் புறப்படும் மோட்டார் சைக்கிள் பயணிக்கு முதற் கவலை எரிபொருளே. அடுத்த எண்ணெய் நிலையம் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது என்பதை அறிந்தபின்னரே அவன் வழியைத் தெரிந்துகொள்கிறான். ஒரு லீற்றர் எரிபொருளிலே மிகுந்த தூரம் செல்லவல்லது டீசல் எஞ்சின். அங்ஙனமாயின், எல்லாரினும் அதிகமாக அதனை நாடியிருக்க வேண்டிய இப்பயணிக்கு அது ஏன் வாய்க்கவில்லை? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பாதி பொறியியலிலும் மறுபாதி வரலாற்றிலும் கிடக்கின்றது.

மோட்டார் சைக்கிளும் டீசல் எஞ்சினும் ஏறக்குறைய ஒரே காலத்திலே, ஒரே நாட்டிலே பிறந்தவை. 1885ஆம் ஆண்டிலே ஜேர்மனியைச் சேர்ந்த கொட்லீப் டைம்லர் என்பவர் மரச்சட்டத்திலே பெற்றோல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1894இலே மியூனிக் நகரிலே ஹில்டெப்ரான்ட், வூல்ப்முல்லர் என்போர் மோட்டார் சைக்கிள்களைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கினர். அதே பவேரிய நாட்டிலே, மியூனிக்கிற்கு அண்மையிலுள்ள ஒக்ஸ்பேர்க் நகரத்துத் தொழிற்சாலையொன்றிலே, அவ்வாண்டுகளிலேயே றுடோல்ப் டீசல் என்னும் பொறியியலாளர் தமது எஞ்சினோடு போராடிக்கொண்டிருந்தார்.

டீசல் 1858இலே பாரிஸ் நகரிலே பவேரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். மியூனிக்கிலே கல்வி பயின்றபோது, நீராவி எஞ்சின் தான் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்திலே மிகச் சிறு பங்கையே வேலையாக மாற்றுகிறது என்பதை அறிந்து வருந்தினார். இவ்விரயத்தைக் குறைப்பதே அவரது வாழ்க்கை நோக்கமாயிற்று. 1893ஆம் ஆண்டிலே அவருக்கு உரிமைப்பத்திரம் கிடைத்தது. 1897இலே பேராசிரியர் மோரிட்ஸ் சுரோட்டர் அவ்வெஞ்சினைச் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்திலே 26 வீதத்திற்குச் சற்று அதிகமான பங்கு பயனுள்ள வேலையாக வெளிப்பட்டது. அக்காலத்து எஞ்சின் எதுவும் காணாத வினைத்திறன் அது. ஆனால் அந்த எஞ்சின் ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரம் கொண்டது. அத்துணைப் பெரிய இரும்பு மலை தந்த வலுவோ இருபது குதிரைவலு மாத்திரமே.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் தகும். பெருமுதலாளியின் நீராவி எஞ்சினுக்கு முன்னே நலிந்துபோகும் சிறு கைத்தொழிலாளனுக்குத் தமது எஞ்சின் துணையாதல் வேண்டும் என்பது டீசலின் விருப்பம். பட்டறையின் மூலையிலே அடங்கும் சிறு எஞ்சினையே அவர் கனவு கண்டார். நடந்ததோ வேறு. அவருடைய எஞ்சின் மின்நிலையத்துக்கும் கப்பலுக்கும் சென்றது. 1912இலே டென்மார்க்கின் ‘செலாந்தியா’ என்னும் கப்பல் டீசல் எஞ்சின் பூட்டிக் கடல் கடந்தது. மறுவருடம் செப்டெம்பர் மாதம், இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிலே, டீசல் கப்பலிலிருந்து மறைந்துபோனார். அவருடைய உடல் பின்னர் கடலிலே காணப்பட்டது. எளியவனுக்கென எண்ணப்பட்ட எஞ்சின், வலியோரின் எஞ்சினாகவே அவர் காலத்தில் வளர்ந்தது.

அது பெருத்தே வளர்ந்ததற்குக் காரணம் யாது? பெற்றோல் எஞ்சினிலே காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே வர, மின்பொறி அதனைப் பற்றவைக்கின்றது. டீசல் எஞ்சினிலே மின்பொறி கிடையாது. காற்று மாத்திரம் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கலினால் அக்காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகின்றது. அவ்வேளை பீச்சப்படும் எண்ணெய் தானாகவே தீப்பற்றுகின்றது. நெருக்கல் மிகுவதனாலேயே வினைத்திறன் மிகுகின்றது. ஆனால் அதே நெருக்கலைத் தாங்குவதற்குத் தடித்த சிலிண்டரும் உறுதியான தண்டுகளும் வேண்டும். ஆகவே பாரம் மிகுகின்றது. பீச்சிய எண்ணெய் காற்றோடு கலந்து எரிவதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே எஞ்சினை மிக விரைவாகச் சுழற்ற முடிவதில்லை. சிக்கனமும் பாரமும் மந்தமும் ஒரே வேரிலிருந்து முளைத்த மூன்று கிளைகள். ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை வெட்டியெறிதல் இயலாது.

லொறிக்கு இஃது ஒரு குறையன்று. 1920களிலே லொறிகளுக்கேற்ற டீசல் எஞ்சின்கள் தோன்றின. 1927இலே றொபேட் பொஷ் கொம்பனி எரிபொருளைப் பீச்சும் பம்பியைத் தொகையாகச் செய்யத் தொடங்கியதும் பெருந்தடை ஒன்று நீங்கிற்று. 1936இலே மெர்சிடஸ் பென்ஸ் கொம்பனி டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட காரிலே எஞ்சின் ஐம்பது கிலோகிராம் கூடினால் ஓட்டுபவனுக்குத் தெரிவதில்லை. இருநூறு கிலோகிராம் கொண்ட மோட்டார் சைக்கிளிலே அவ்வைம்பது கிலோகிராம் கால்வாசி பாரமாகிவிடுகின்றது. வளைவிலே வண்டியைச் சாய்க்கும்போதும், சேற்றிலே விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தும்போதும் அப்பாரம் மனிதனின் தோளிலேயே இறங்குகின்றது. இதனாலேயே டீசல் மோட்டார் சைக்கிள் நெடுங்காலம் சில பட்டறைகளின் பரிசோதனையாக மாத்திரம் இருந்துவந்தது.

அதனைத் தொகையாகச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை இந்தியாவுக்கே உரியது. அதிலும் தமிழ்நாட்டுக்கு உரியது. இங்கிலாந்தின் றெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் கொம்பனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனமும் 1955இலே கூட்டுச் சேர்ந்து என்பீல்ட் இந்தியா என்னும் கொம்பனியை அமைத்தன. சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரிலே எழுந்த அத்தொழிற்சாலை, தாய்க் கொம்பனி 1970ஆம் ஆண்டளவிலே மறைந்தபின்னரும் ‘புல்லட்’ என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்துகொண்டே வந்தது. பெற்றோலிலும் டீசல் விலை குறைந்த நாடு இந்தியா. வயலுக்கு நீரிறைக்கும் சிறு டீசல் எஞ்சின்கள் அங்கே ஊர்தோறும் கிடைத்தன. அத்தகைய எஞ்சினைப் புல்லட்டின் சட்டத்திலே பொருத்தி ஓட்டும் வழக்கம் பட்டறைகளிலே தோன்றிற்று. பின்னர் தொழிற்சாலையே அதனை ஏற்றது. இத்தாலியின் லொம்பார்டினி அமைப்பைத் தழுவி இந்தியாவின் கிரீவ்ஸ் கொம்பனி செய்த 325 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பூட்டிய ‘டோரஸ்’ என்னும் வண்டி 1990களிலே இந்தியத் தெருக்களிலே ஓடியது.

அதன் வலு ஆறரைக் குதிரைவலு. பெற்றோல் புல்லட்டின் வலுவோ பதினெட்டு. அதன் பாரம் 190 கிலோகிராமுக்கு மேல். மணிக்கு 65 கிலோமீற்றர் வேகமே அதன் எல்லை. ஆனால் ஒரு லீற்றர் டீசலிலே ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர் செல்லும் எனப் பெயரெடுத்தது. இதன் பொருளை ஒரு கணக்கினால் விளக்கலாம். சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீற்றர். முப்பது லீற்றருக்குச் சற்று அதிகமான எண்ணெயோடு அத்தூரம் முடிந்துவிடும். புல்லட்டின் தாங்கி கொள்ளும் அளவைப் பார்த்தால் இரண்டு முறை இடையிலே நிரப்பினாற் போதும். ஆனால் மணிக்கு ஐம்பது கிலோமீற்றராக ஓடினாலும் நாற்பத்துநான்கு மணி நேரம் அந்த அதிர்விலும் இரைச்சலிலும் உட்கார்ந்திருத்தல் வேண்டும். பாற்குடம் சுமப்பவனுக்கும் ஊர் ஊராகச் சென்று விற்பவனுக்கும் இஃது ஏற்புடையதே. தொலைவழிப் பயணிக்கோ பணம் மிஞ்சிற்று. பொழுதும் உடலும் செலவாயின.

அந்தச் சிக்கனத்திற்கும் போட்டி இருந்தது. 1985இலே இந்தியாவிலே ஹீரோ ஹொண்டா கொம்பனி நூறு கன சென்ரிமீற்றர் அளவான நாலடிப்புப் பெற்றோல் எஞ்சினோடு சி.டி. 100 என்னும் வண்டியை வெளியிட்டது. அது டோரசின் பாதிப் பாரமே கொண்டது. விலையிலும் குறைந்தது, எரிபொருட் சிக்கனத்திலோ டோரசோடு தோளுக்குத் தோள் நின்றது. எஞ்சினின் வினைத்திறனாற் பெற்ற ஆதாயத்தை வண்டியின் பாரக் குறைவினாலும் பெறலாம் என்பதை அச்சிறு வண்டி நிறுவிவிட்டது. பின்னர் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. டோரஸ் விடைபெற்றது. அதற்கு ஊன்றுகோலாய் இருந்த விலை வேற்றுமையும் நிலைக்கவில்லை. 2014 ஒக்டோபரிலே இந்திய அரசு டீசல் விலைமீதிருந்த தன் கட்டுப்பாட்டையும் நீக்கிற்று.

பணத்தை எண்ணாது வேறொன்றை எண்ணி டீசல் மோட்டார் சைக்கிளை நாடியவர்களும் இருந்தனர். அவர்கள் போர்வீரர்கள். போர்க்களத்திலே ஒரு படைக்குப் பலவகை எரிபொருள் கொண்டுசெல்வது பெருஞ்சுமை. ஆகவே வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகள் 1980களின் பிற்பகுதியிலே ஒரே எரிபொருட் கொள்கையை வகுத்தன. விமானத்துக்கும் தாங்கிக்கும் லொறிக்கும் மண்ணெண்ணெயை ஒத்த ஒரே எண்ணெய் என்பதே அக்கொள்கை. டீசல் எஞ்சின் அவ்வெண்ணெயை மறுக்காது ஏற்கும். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிலே அது நிலக்கடலை எண்ணெயிலும் ஓடிற்று என்பது வரலாறு. பெற்றோல் மோட்டார் சைக்கிள் ஒன்று மாத்திரமே அக்கொள்கைக்குப் புறம்பாக நின்றது. இக்குறையைப் போக்க இங்கிலாந்தின் கிரான்பீல்ட் பல்கலைக்கழகத்தார் புதிய டீசல் எஞ்சின் ஒன்றை வகுத்தனர். அதனைக் கவசாகி கே.எல்.ஆர். 650 என்னும் வண்டியிலே பூட்டி, கலிபோர்னியாவின் ஹேய்ஸ் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்கு அளித்தது. தண்ணீராற் குளிர்விக்கப்பட்ட அந்த எஞ்சின் டோரசைப்போல மந்தமானதன்று. நெடுஞ்சாலை வேகத்திலே ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் ஓடும் எனச் செய்தோர் கூறினர். தொலைவழிப் பயணிகள் அவ்வண்டிக்காக ஏங்கினர். ஆயினும் அது படைக்கென்றே செய்யப்பட்டது. பொதுச் சந்தைக்கு அது பெருகி வரவில்லை.

ஐரோப்பாவிலே சிறு நிறுவனங்கள் சில முயன்று பார்த்தன. ஜேர்மனியிலே சொமர் என்னும் நிறுவனம் ஹட்ஸ் தொழிற்சாலையின் 462 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பழைய பாணி வண்டியிலே பொருத்தியது. ஒல்லாந்திலே ‘ட்ராக்’ என்னும் வண்டி, ஸ்மார்ட் என்னும் சிறு காரின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைத் தாங்கி வந்தது. நெடுந்தூரத்துக்கென்றே எண்ணிச் செய்யப்பட்ட வண்டி அது. ஆனால் அதன் உயிர்நாடி பிறர் கையிலே இருந்தது. 2014இலே வந்த புதிய ஸ்மார்ட் காரிலே டீசல் எஞ்சினுக்கு இடமில்லாது போயிற்று. ஜேர்மனியின் நீயன்டர் நிறுவனமோ எதிரெதிர்த் திசையிலே சுழலும் இரண்டு கிராங்குத் தண்டுகளை அமைத்து, டீசலின் கொடிய அதிர்வையே அடக்கிக் காட்டியது. அவ்வமைப்பு மோட்டார் சைக்கிளிலே நிலைபெறவில்லை. படகுகளின் பின்புறத்திலே பொருத்தும் எஞ்சினாக அது கடலுக்குச் சென்றது. டீசலின் எஞ்சின் முன்னொருநாள் சென்ற வழியும் அதுவேயன்றோ!

இறுதித் தடை புகையினால் வந்தது. 2012இலே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசற்புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என அறிவித்தது. 2015இலே பெருங் கார்க் கொம்பனி ஒன்றின் புகைச் சோதனை மோசடி வெளியாயிற்று. புகைக்கரியை வடிக்கவும் நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்கவும் பல கருவிகள் வேண்டும். காரின் அடியிலே அவற்றை மறைத்து வைக்கலாம். மோட்டார் சைக்கிளிலே அவற்றுக்கு இடமும் இல்லை. விலையைத் தாங்கும் வலிமையும் இல்லை. 2020இலே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருசில்லு வண்டிகளுக்கு மேலும் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன.

எனினும் டீசல் மோட்டார் சைக்கிளை நாடியோர் வேண்டியது வீணாகிவிட்டது எனக் கொள்ளுதல் தகாது. அவர்கள் வேண்டியது டீசல் அன்று. மெதுவாகச் சுழன்று வலுவோடு இழுக்கும் எஞ்சின், குறைந்த எரிபொருள், நெடிய பயணம் ஆகியனவே அவர்கள் வேண்டியவை. 2012இலே விற்பனைக்கு வந்த ஹொண்டா என்.சி. 700 என்னும் பெற்றோல் வண்டி அவ்வழியிலே செய்யப்பட்டது. ஏனைய மோட்டார் சைக்கிள்கள் நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்று ஓட, அதன் எஞ்சின் ஆறாயிரத்தைநூறு அளவிலே நின்றுவிடும். டீசலின் குணத்தைப் பெற்றோல் எஞ்சின் கற்றுக்கொண்டது எனலாம்.

ஒரு பொறி சிறந்தது என்பதனால் மாத்திரம் நிலைபெறுவதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். டீசல் எஞ்சின் விலைவேற்றுமை என்னும் நிழலிலே இந்தியாவில் வாழ்ந்தது. படைக் கட்டளை என்னும் நிழலிலே அமெரிக்காவில் வாழ்ந்தது. நிழல் விலகியபோதெல்லாம் அதுவும் மறைந்தது. தன் இயல்பினால் மாத்திரம் பயணியின் மனத்தைக் கவர்ந்து அது நிற்கவில்லை. இனி வரும் நாட்களிலே மின்கலத்தால் ஓடும் மோட்டார் சைக்கிளும் இதே சோதனையைச் சந்தித்தாக வேண்டும். ஒருமுறை நிரப்பினால் எவ்வளவு தூரம், அதற்கு எவ்வளவு பாரம், மீள நிரப்ப எவ்வளவு நேரம் என்னும் மூன்று வினாக்களையே பாலைவனத்து வழியும் மலைவழியும் அதனிடம் கேட்கும். அவற்றுள் பாரம் என்னும் வினாவுக்கு நல்ல விடை வைத்திருக்கவில்லை டீசல். மூன்றுக்கும் விடை கூறும் வண்டியே தொலைவழியை வெல்லும்.