தென்முனைப் பெருங்கடலின் ஊட்ட உப்புகள்

அண்டார்க்டிக்காவைச் சூழ்ந்துள்ள தென்முனைப் பெருங்கடலின் மேற்பரப்பு நீரில் நைட்ரேட்டு, பாஸ்பேட்டு ஆகிய ஊட்ட உப்புகள் கோடையிலும் தீராமல் எஞ்சியிருக்கும். பிற கடல்களின் பெரும்பகுதியில், தாவரப் பிளாங்டன்கள் எனப்படும் மிதக்கும் நுண்பாசிகள் இவற்றை ஏறக்குறைய முழுவதும் உட்கொண்டுவிடுகின்றன.

இங்கு வீசும் வலிய மேலைக்காற்று மேற்பரப்பு நீரை வடக்கே தள்ளுகிறது. அதனை ஈடுசெய்ய, ஊட்ட உப்புகளும் கார்பன் டைஆக்சைடும் செறிந்த ஆழ்கடல் நீர் மேலெழுகிறது. ஆனால் அந்நீரில் இரும்பு மிகக் குறைவு. இரும்பைத் தரும் பாலைவனப் புழுதியும் இங்கு அரிதாகவே வந்து விழும். போதிய இரும்பின்றி நுண்பாசிகளால் நைட்ரேட்டை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. உணவு நிறைந்திருந்தும் உண்ண ஆளில்லாத நிலை இது. அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வலியுறுத்திய இக்கருத்து, 1999 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடலில் இரும்பைக் கலந்து நடத்தப்பட்ட சோதனையில் உறுதிப்பட்டது. நுண்பாசிகள் பெருகின, எனினும் சோதனை நடந்த 13 நாட்களுக்குள் கூடுதல் கரிமம் ஆழத்திற்கு இறங்கியதாகக் காணப்படவில்லை.

சிலிக்கேட்டின் நிலை வேறு. சிலிக்காவால் ஓடு கட்டும் டயாட்டம்கள், இரும்பு குறைந்தால் நைட்ரேட்டைக் காட்டிலும் சிலிக்கேட்டையே மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே நீர் வடக்கே நகர நகரச் சிலிக்கேட்டு முதலில் தீர்கிறது. எஞ்சிய நைட்ரேட்டுடன் அந்நீர் அமிழ்ந்து வெப்பமண்டலக் கடல்கள் வரை பரவுகிறது. தென் அகலாங்கு 30 பாகைக்கு வடக்கேயுள்ள கடல்களின் உயிரின உற்பத்தியில் சுமார் முக்கால் பங்கு இவ்வூட்டத்தைச் சார்ந்தது என 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.