சாயல்

பசறைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை பிறந்தால் பார்க்க வரும் பெண்கள் முதலில் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். “அப்படியே அப்பாயி சாயலு” என்பாள் ஒருத்தி. “நெத்தி மட்டும் தாய்மாமன்” என்பாள் இன்னொருத்தி. சாயல் என்ற சொல்லின் இன்றைய பொருள் அந்தப் பேச்சில் இருக்கிறது.

தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்குத் தரும் பொருள் மென்மை. கண்ணுக்கு மட்டுமல்ல, ஐம்பொறிக்கும் எட்டுகிற மென்மை என்று உரைகாரர் விரித்தார்கள். சங்கப் பாடல்களில் மயிலும் பெண்ணும் சாயலால் ஒப்பாவார்கள். அந்த வழியாகவே ஒருவரைப் போல் இன்னொருவர் இருப்பது என்ற இன்றைய பொருளுக்குச் சொல் நகர்ந்திருக்க வேண்டும்.

தமிழ் வேதாகமமும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதன் முதல் நூலான ஆதியாகமம் மனிதப் படைப்பைச் சொல்லுமிடத்தில் எபிரேயத்தில் இரண்டு சொற்கள் நிற்கின்றன. செலெம் என்பது உருவம். செதுக்கிய சிலைக்கும் அதே சொல்தான். தெமூத் என்பது ஒப்பு. அக்கால எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் ‘கடவுளின் உருவம்’ மன்னனுக்குரிய பட்டம். ஆதியாகமம் அதை ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் மனிதர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. தமிழில் 1871இல் முற்றுப்பெற்ற ‘பவர் திருப்புதல்’ என்னும் மொழிபெயர்ப்பு அவற்றுக்குச் சாயல், ரூபம் என்று வைத்தது. 1995இல் வந்த திருவிவிலியம் ரூபத்தை விட்டு ‘உரு’வை எடுத்தது. சாயல் என்ற சொல் மட்டும் விடுபடவில்லை. ஆதாம் தன் மகன் சேத்தைப் பெற்றதைச் சொல்லும் ஐந்தாம் அதிகாரத்திலும் இதே சொல் வருகிறது. ஆக, காம்பராவில் அந்தப் பெண்கள் சொல்லும் சாயலும் வேதம் சொல்லும் சாயலும் ஒன்றே: பெற்றவரின் அடையாளம் பிள்ளை முகத்தில் நிற்பது.

மனிதர் எல்லோரும் கடவுளின் சாயல் என்ற இந்தச் செய்தி மலையகத்துக்கு வேறொரு சொல்லோடு வந்து சேர்ந்தது. கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்ட மக்களுக்காகத் தொடங்கிய ஆங்கிலிக்கன் ஊழியத்தின் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. வள்ளுவர் கூலி என்றது முயற்சியின் பயனை. தோட்டத்தில் அது ஆளையே குறித்தது. சம்பளத்தின் பெயரை மனிதருக்குச் சூட்டியது பெரும் அநியாயம்.

பேரில் இன்னொரு வேற்றுமையும் உண்டு. பதுளை நகரில் 1857இல் திறந்த புனித மாற்கு ஆலயம், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த பிரித்தானிய அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் பேர் அங்கே முழுசாக நிற்கிறது. தோட்டத்தில் பேர் என்பது வேறு. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். மழையில் அட்டைக் கடியோடு மலையேறி, மாலையில் கூடையை நிறுத்த பிறகு, “இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான்” என்று ஒரு தாய் சொல்வதைக் கேட்டால் நெஞ்சு வலிக்கிறது. குறைந்தது கொழுந்து, அரையாவது அவள் பேர். அவள் முகத்தில் அவளுடைய அப்பாயியின் சாயல் அன்றைக்கும் முழுசாகவே இருந்தது.

கூலி என்ற பெயரை அந்த மிஷன் பின்னாளில் கைவிட்டது. அரைப்பேர் இன்னும் போகவில்லை. தோட்ட நிர்வாகிகளே, தொழிற்சங்கத்தாரே, கணக்கில் அரைநாள் சம்பளம் என்று எழுதுங்கள். பேரை முழுசாக விட்டுவிடுங்கள்.