ஷாக் அப்சர்பர் ஒழுகாம இருக்க உலகம் பட்ட பாடு

1/ போடியில இருந்து போடிமெட்டு ஏறுற ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு மேல தோட்டத்துக்குள்ள கல்லும் மண்ணும்தான். பொட்டிபுரம், போடி பக்கத்து அடிவாரத்துல இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க ஜீப்புலதான் இந்த மலையை ஏறுறாங்க. அவங்க முதுகெலும்புக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கிறது டயர், ஸ்பிரிங் பட்டை, எண்ணெய் நிரப்பின ஒரு குழாய். அந்தக் குழாயோட வரலாறுதான் இந்த இழை.

2/ ஸ்பிரிங் மட்டும் ஏன் போதாது? ஸ்பிரிங் அடியை வாங்கி வச்சுக்கும், அப்புறம் திருப்பிக் கொடுக்கும். வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக் அப்சர்பர்.

3/ 1900-ஐ ஒட்டி பிரான்ஸ்ல ட்ரூஃபோ என்பவர் உராய்வு முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் அதை விற்றார். தட்டுகளை இறுக்கி வச்சு, ஒன்றோடொன்று தேய விடுறதுதான் சூட்சுமம். எண்ணெய் கிடையாது, அதனால ஒழுகலும் கிடையாது. ஆனா சின்னக் குலுக்கலுக்கு விறைச்சு நிக்கும், தேயத் தேயத் தளர்ந்துடும்.

4/ அடுத்து, இன்னொரு பிரெஞ்சுக்காரர் மாரிஸ் ஹூடாய் எண்ணெயைக் கொண்டுவந்தார். ஊசி போடுற சிரிஞ்சை நினைச்சுக்கோங்க. மெதுவா அழுத்தினா மருந்து சுலபமா போகும், வேகமா அழுத்தினா எதிர்க்கும். அதே தத்துவம். 1928 ஃபோர்ட் மாடல் ஏ கார்ல நாலு சக்கரத்துக்கும் ஹூடாய் ஷாக்தான்.

5/ தலைவலியும் அங்கேதான் ஆரம்பம். உள்ளே அழுத்தத்துல எண்ணெய். அசையுற தண்டு ஒண்ணு வெளியே வந்தே ஆகணும். அது வர்ற வழியை எப்படி அடைக்கிறது? தோல் வளையமும் நூல் திரியும் வச்சு இறுக்கினாங்க. தளர்வா விட்டா ஒழுகும், இறுக்கினா தண்டு தேயும்.

6/ ரப்பர் வைக்கலாமே? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல பால் வெட்டி எடுக்கிற இயற்கை ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப்போய் நைந்துடும். மாடல் ஏ ஷாக்குல ஊத்தினது கிளிசரின். குளிர் நாட்டுல அதோட கொஞ்சம் ஆல்கஹால். அப்பவும் ஒழுகுறது நிக்கலை. அப்பப்ப மூடியைத் திறந்து ஊத்திக்கிட்டே இருக்கணும்.

7/ இப்போ நாம பார்க்கிற நீளக் குழாய் வகையில சிக்கல் இன்னும் பெருசு. தண்டு ஒவ்வொரு குழிக்கும் உள்ளே வெளியே போய் வரும். சேறும் தூசியும் ஒட்டும். ஒரு சின்னக் கீறல் போதும், சீல் கிழிஞ்சுடும். அதனாலதான் தண்டு சுழல மட்டும் செய்யுற நெம்புகோல் வகை ரொம்ப வருஷம் தாக்குப் பிடிச்சது.

8/ விடை மூணு பக்கத்துல இருந்து வந்தது. ஒண்ணு, 1930கள்ல வந்த நியோப்ரீன், நைட்ரைல் மாதிரி செயற்கை ரப்பர்கள். எண்ணெயைத் தாங்கும். ரெண்டு, குரோமியம் பூசி கண்ணாடி மாதிரி மெருகேத்தின தண்டு.

9/ மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. குழாய்க்குள்ள இன்னொரு குழாய் வச்சாங்க. உள்குழாய்லதான் அழுத்தம். தண்டு ஓரமா கசியுற எண்ணெய், சீலைத் தொடுறதுக்கு முன்னாடியே வெளிக்குழாய்ல வடிஞ்சுடும். சீல் வரைக்கும் பெரிய அழுத்தம் வர்றதே இல்லை. கசிவைத் தடுக்க முட்டி மோதாம, அதுக்கு ஒரு வழி விட்டுட்டாங்க.

10/ மருத்துவத்துலயும் இது உண்டு. கல்லீரல் சுருங்கினவங்களுக்கு உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சு வெடிக்கும். எண்டோஸ்கோபி வழியா வளையம் போட்டுக் கட்டுவோம். அதோட விடமாட்டோம், உள் அழுத்தத்தைக் குறைக்க மாத்திரையும் கொடுப்போம். ஓட்டையை மட்டும் பார்த்தா மறுபடி ஒழுகும்.

11/ 1941ல போருக்கு வந்த வில்லிஸ் ஜீப்புல இந்தக் குழாய் வகைதான். சேற்றிலயும் மணல்லயும் தாக்குப்பிடிச்சது. 1940களின் கடைசியில மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவுல பூட்ட ஆரம்பிச்சாங்க. 1961ல கேப்ரியல் இந்தியா தொடங்கி, ஷாக் அப்சர்பர் இங்கேயே தயாராச்சு.

12/ இவ்வளவு பாடுபட்டு அடைச்ச ஒழுகலை நாம சாதாரணமா விட்டுடுறோம். சீல் போன ஷாக், வெறும் இரும்புக் குழாய். சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும், வளைவுல பிரேக் பிடிக்கிற தூரம் கூடும். நீண்ட காலம் குலுக்கல்ல பயணம் பண்றவங்களுக்கு இடுப்பு வலி அதிகம்னு ஓட்டுநர்கள்கிட்ட நடந்த பல ஆய்வுகள் சொல்லுது. அதிலயும் பின் அச்சுக்கு மேல, பக்கவாட்டு சீட்டுல, சாய மெத்தை இல்லாம உட்கார்றவங்க நிலைமை இன்னும் மோசம்.

13/ ஜீப் வச்சிருக்கிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. குழாய் மேல லேசான எண்ணெய்ப் பூச்சு பரவாயில்லை. ஈரமா வடிஞ்சு மண் அப்பியிருந்தா சீல் போச்சுன்னு அர்த்தம். மாத்தும்போது ஒரே அச்சுல இருக்கிற ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. இடுப்பு வலிக்கு நாங்க எழுதுற மாத்திரை எதுவும் அந்த ஷாக்கை மாத்துற வேலையைச் செய்யாது.